வயிற்றில் குழந்தை... கையில் புத்தகமா, ஊசிநூலா?

ஏனாத்தூர் சாலையில் காலை எட்டு மணிக்குக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஆன சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாவுக்கும், பக்கத்திலிருக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து கும்பல் கும்பலாக இறங்குவார்கள். அந்தப் பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் வேறு பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். கொஞ்ச தூரத்தில் பிள்ளையார்பாளையம். அங்கே போனால் தறிச் சத்தம். படிப்பு, கம்பெனி, கைத்தொழில் மூன்றும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர் இது. அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்து கர்ப்பிணிகள் என்னிடம் வந்தால் வாந்திக்கும் இடுப்பு வலிக்கும் மருந்து கேட்பதோடு நிற்பதில்லை.

"மேடம், நான் காலேஜை விட்டுடவா? டெய்லரிங் கத்துக்கவா?"

பதினெட்டு, பத்தொன்பதில் கல்யாணம், காலேஜ் சேர்ந்த வருஷமே கர்ப்பம். இப்படி வருகிற பெண்கள் குறைந்திருக்கிறார்கள், நின்றுபோகவில்லை. (பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் அது வேறு விஷயம். அங்கே சட்டமும் சம்மதிக்காது, உடம்பும் சம்மதிக்காது. 1098-க்குத்தான் போன் போடவேண்டும்.)

இந்தக் கேள்விக்கு வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர் வட்டாரம் இது. கல்வெட்டே இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் மருமகளுக்கு ஓட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்!

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "படிப்பா, தொழிலா" என்று கேள்வியை ஆரம்பிக்கிறதே தப்பு. எந்த மாதத்தில் எது, குழந்தையை யார் வைத்துக்கொள்வார்கள், விட்டால் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்த மாதிரி.

நாள் கணக்கு முதலில்

கடைசியாகக் குளித்த தேதியிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். இதில் முதல் 12 வாரம் வாந்தி, மயக்கம், எதைப் பார்த்தாலும் குமட்டல். 13-லிருந்து 28 வாரம் வரை பெரும்பாலான பெண்களுக்கு நல்ல காலம். பசிக்கும், தூக்கம் வரும், முகம் தெளியும். அதற்குப் பிறகு வயிறு கனக்கும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் உடம்பு தேற. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்.

இந்தக் கணக்கைக் காலேஜ் காலண்டர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கலைக் கல்லூரிகளில் பொதுவாக நவம்பரில் ஒரு பரீட்சை, ஏப்ரலில் ஒரு பரீட்சை. பிரசவத் தேதி எங்கே விழுகிறது என்பதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் ஒரு பெண்ணை மாமியார் கூட்டி வந்தார். பி.காம். இரண்டாம் வருஷம். கர்ப்பம் ஒன்பது வாரம். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பிரசவம்.

"டாக்டரம்மா, காலேஜ் போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வவுத்துல புள்ளைய வச்சிக்கினு பஸ்ல தொங்கினு போவலாமா? வூட்டுல தறி இருக்குது. குந்தி நெய்யட்டும். டி.சி. வாங்கிடலாம்னு இருக்கோம்."

அந்த அம்மாள் கெட்டவரில்லை. அவருடைய பயம் நியாயமான பயம்தான். வீட்டோடு இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறார். ஆனால் தறி வேலை உட்கார்ந்து பார்க்கிற சுகமான வேலையா? குழித்தறியில் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்கவேண்டும். நெய்த துணி சுருளும் கட்டை நேராக வயிற்றுக்கு முன்னால். முன்பக்கம் குனிந்து குனிந்துதான் வேலை. ஆறாம் மாதத்துக்குமேல் அந்த இடத்துக்குள் வயிறு கொள்ளாது. கோர்வைச் சேலை என்றால் கூட ஓர் ஆளும் வேண்டும். அதோடு பட்டு நெசவு மூன்று மாதத்தில் கற்றுக்கொள்கிற கோர்ஸ் இல்லை. கை திருந்த வருஷக் கணக்காகும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை அது, லேசில் வந்துவிடுமா? டிகிரி மூன்று வருஷம் என்று அலுத்துக்கொண்டு தறியில் உட்காருவது சுலப வழி இல்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா! அவரே முப்பது வருஷம் நெய்தவர். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அப்ப தார் சுத்தட்டும்" என்றார்.

"சுத்தட்டும். லீவு நாள்ல."

கணக்குப் போட்டோம். நவம்பர் பரீட்சையின்போது 27 வாரம். நல்ல காலம். அதனால் மூன்றாம் செமஸ்டரை விடக் காரணமே இல்லை. டிசம்பரில் நான்காம் செமஸ்டர் தொடங்கும், பிப்ரவரியில் பிரசவம், ஏப்ரல் பரீட்சையின்போது கையில் இரண்டு மாதக் குழந்தை. வருகை நாள் தேறாது. அந்த ஒரு செமஸ்டரை மட்டும் எழுத்தில் விடுப்பு வாங்கி, அடுத்த டிசம்பரில் ஜூனியர் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது என்று முடிவாயிற்று. டி.சி. வாங்கவில்லை.

நடுவில் கிடைத்த மாதங்களில், குழந்தைக்கு நாலு மாதம் முடிந்தபிறகு, பக்கத்துத் தெருவில் ஆரி வேலை கற்றுக்கொண்டாள். குழந்தை தூங்குகிற நேரத்தில் ஜாக்கெட்டுக்கு மணி கோர்ப்பாள். டிகிரி முடித்துவிட்டாள்; ஒரு பேப்பர் மட்டும் அரியர் இன்னும் இருக்கிறது. முகூர்த்த மாதத்தில் ஜாக்கெட்டிலேயே நல்ல காசு வருவதால் அரியரை எழுதச் சோம்பல்! மாமியாரோடு சண்டை அடியோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பெயரில் சீரியல் பார்க்கிறார் என்று இவள் புகார்.

லலிதாவுக்குக் குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் இருந்தது

இது இந்தக் காலத்துப் பிரச்னை மட்டும் இல்லை. சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் 1919-ல் பிறந்த ஏ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். 1937-ல் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது கணவர் இறந்துபோனார். பதினெட்டு வயது விதவை, கைக்குழந்தை. அந்தக் காலத்தில் இந்த நிலைமையில் இருந்த பெண்ணுக்கு என்ன வாழ்க்கை கிடைக்கும் என்று உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்லுவார்.

லலிதா ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் சேர்ந்தார். அதுவரை அங்கே பெண்கள் படித்ததில்லை. அவருடைய அப்பா சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அவர் முயற்சி எடுத்து இடம் வாங்கினார். லலிதா தனியாக இருக்கக்கூடாது என்று மேலும் இரண்டு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1940-களின் தொடக்கத்தில் படிப்பை முடித்தார். சான்றிதழில் ஆணுக்கு அச்சடித்திருந்த வார்த்தையை அடித்துவிட்டுப் பெண் என்று கையால் திருத்திக் கொடுத்தார்களாம்.

படிப்போடு நிற்கவில்லை. பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருஷம் கைவேலைப் பயிற்சி. பட்டமும் தொழிலும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பிறகு சிம்லாவில் அரசு வேலை, அதன்பின் கல்கத்தாவில் ஒரு மின் சாதன கம்பெனி. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையில் அவருக்குப் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போய்வந்தார்.

இந்தக் கதையை எல்லோரும் 'முதல் பெண் இன்ஜினீயர்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். டாக்டராகிய எனக்கு வேறு ஒரு விஷயம்தான் கண்ணில் படுகிறது. அவர் படிக்கும்போது குழந்தையை அண்ணன் குடும்பம் பார்த்துக்கொண்டது. சிம்லாவில் வேலையை ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம், அங்கே ஒரு சகோதரர் குடும்பம் இருந்தது. கல்கத்தாவிலும் அப்படியே. குழந்தையை யார் வைத்துக்கொள்வார்கள் என்று பார்த்து வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! புத்திசாலித்தனம் என்றால் இதுதான்.

திண்டுக்கல் பக்கத்து என். அம்பிகா பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பதினாலு வயதில் கல்யாணம், பதினெட்டு வயதுக்குள் இரண்டு குழந்தைகள். அப்புறம் தனித்தேர்வராகப் பள்ளிப் படிப்பு, அஞ்சல் வழியில் டிகிரி, கடைசியில் ஐ.பி.எஸ். அவர் சென்னையில் தங்கிப் படித்தபோது ஊரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் கணவர். இதை ஆண் வாசகர்கள் இரண்டு தரம் படிக்கலாம்.

பஸ்ஸில் போனால் ஆபத்தா?

வேறு சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு பஸ்ஸில் உட்கார்ந்து போவதால் ஒன்றும் ஆகாது. பைக்கில் வேகத்தடை வேகத்தடையாகக் குதித்துப் போவதைவிட பஸ் மேல். எனக்குக் கவலை பஸ் இல்லை, தண்ணீர்!

நிறைய பெண்கள் காலை ஏழு மணிக்கு வீட்டில் சிறுநீர் கழித்துவிட்டு சாயங்காலம் ஐந்து மணிவரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். கழிப்பறை சுத்தமில்லை, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்று சொல்லியிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் அந்தப் பதினான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும் என்பார். அதில் சிறுநீர் ஒன்று. அடக்கினால் அபான வாயு கெடும் என்று நாங்கள் சொல்வோம். ஆங்கில மருத்துவர் கிருமித்தொற்று என்பார். பெயர் எதுவானால் என்ன, கர்ப்பத்தில் சிறுநீர்த்தொற்று முற்றினால் குறைப்பிரசவம்வரை கொண்டுபோய் விடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் போய்த்தான் ஆகவேண்டும். வகுப்பில் கூச்சம் வேண்டாம். பெண் ஆசிரியை ஒருவரிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். வீட்டில் தையல் மெஷினில் உட்காருகிறவரும் இதே தப்பைச் செய்கிறார், "இந்த ஒரு பாவாடைய முடிச்சிட்டு எழுந்திரிக்கிறேன்" என்று. முக்கால் மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்கள். கால் மிதி மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டால் இடுப்புக்கு நல்லது.

சாப்பாட்டு டப்பாவில் எலுமிச்சை சாதம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். முருங்கைக்கீரைப் பொரியல், சுண்டல், ஒரு முட்டை, பதினோரு மணிக்குக் கடலை உருண்டை. கர்ப்பத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது 180 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். டீயோடு விழுங்காதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போடுங்கள். சித்த வைத்தியர் சொல்கிறேன் என்பதால் சந்தேகம் வேண்டாம், நான் லேகியம் கொடுத்தாலும் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை.

காலை வாந்திக்கு மாதுளை மணப்பாகு நல்லது. ஆனால் அதில் சர்க்கரை உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருப்பவர்கள் மணப்பாகோ லேகியமோ தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. டாக்டரைக் கேட்டே சாப்பிடவேண்டும்.

திடீரென்று முகம், கை வீக்கம், தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைதல்... இதில் எது வந்தாலும் பரீட்சை ஹாலாக இருந்தாலும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அந்தப் பேப்பரை அடுத்த தரம் எழுதிக்கொள்ளலாம்.

எந்தத் தொழில், எப்போது?

எல்லாத் தொழிலும் கர்ப்பிணிக்கு ஒத்துவராது. பியூட்டி பார்லர் கோர்ஸை நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியை நேராக்கும் மருந்து, பிளீச்சிங் நெடி, நாள் முழுக்க நிற்பது. பிரசவம் ஆகட்டும், பிறகு சேரலாம். பட்டுக்குச் சாயம் போடும் இடம், வெல்டிங் புகை இரண்டும் வேண்டாம். தையல், ஆரி, கணக்கு எழுதுவது, கம்ப்யூட்டர் டைப்பிங் இவற்றை நடு மாதங்களில் தாராளமாகக் கற்கலாம்.

ஐ.டி.ஐ.யைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர், தையல் தொழில்நுட்பம் ஒரு வருஷப் படிப்பு. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருஷம். குழந்தைக்கு ஒரு வயதானபிறகும் சேரலாம் என்று தெரிந்தாலே பாதி அவசரம் குறையும்.

கம்பெனி வேலைக்கு ஓடுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1961-ம் வருஷ மகப்பேறு சலுகைச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு கிடைக்கிறது. ஆனால் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்கவேண்டும். ஏழாம் மாதம் முடிந்து வேலைக்குச் சேர்ந்து அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

என்னைக் கேட்டால்: கடைசி வருஷம் படிப்பவர் எப்பாடுபட்டாவது முடித்துவிடவேண்டும், அதில் பேச்சே இல்லை. நடுவில் இருப்பவர் ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ விடுப்பு எடுக்கலாம். பிளஸ் டூ முடித்து இன்னும் எதிலும் சேராத பெண், எட்டாம் மாத வயிற்றோடு மூன்று வருஷப் படிப்பில் பணம் கட்டவேண்டாம். நடு மாதமாக இருந்தால் ஒரு கைத்தொழில் ஆரம்பிக்கட்டும். மறு வருஷம் காலேஜோ, 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ சேரட்டும். காசு இன்றைக்கே வேண்டும் என்கிற வீடாக இருந்தால் தொழில்தான் முதலில். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பசியோடு படித்து யாருக்கு என்ன லாபம்?

எழுத்தில் வாங்குங்கள்

பல்கலைக்கழக மானியக் குழு 2016-ம் வருஷ விதிகளில் ஆராய்ச்சிப் படிப்புப் பெண்களுக்கு 240 நாள்வரை மகப்பேறு விடுப்பு கொடுத்தது. 2021 டிசம்பரில் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் விடுப்பு, வருகை நாள் சலுகை தர விதி வகுக்கும்படி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. ஒவ்வொரு கல்லூரியிலும் நடைமுறை வேறு. ஆபீஸ் கிளார்க் "அதெல்லாம் கிடையாதும்மா" என்றால் அதோடு திரும்பிவிடாதீர்கள். முதல்வரைப் பாருங்கள்.

அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்தது. கல்யாண உதவிக்கென்று இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் படிப்பு உதவியாக மாற்றினார்கள். தாலிக்குத் தங்கம் போய்ப் புத்தகத்துக்குப் பணம் வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இது ஐ.டி.ஐ.க்கும் உண்டு. இடைவெளி எடுத்தால் இந்தப் பணம் என்ன ஆகும் என்று கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். பிரசவ உதவி தனி: 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிட்டால், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 19 வயது நிரம்பியவருக்கு, இரண்டு பிரசவம்வரை, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்.

திரும்பக் காலேஜ் போகும்போது தாய்ப்பாலை நிறுத்தவேண்டியதில்லை. காலையில் கொடுத்துவிட்டுப் போய், சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி வைத்தால் குளிர்ந்த அறையில் நாலு மணி நேரம்வரை தாங்கும். காஞ்சிபுரம் சித்திரை வெயிலில் அதை நம்பாதீர்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள். மாமியார் சங்கில் ஊற்றினால் போதும், புட்டி வேண்டாம். சங்கை ஒவ்வொரு தரமும் கொதிநீரில் போட்டு எடுக்கவேண்டும்.

விடுப்புக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: பிரசவத் தேதி, எந்த செமஸ்டர் முதல் எந்த செமஸ்டர்வரை விடுப்பு, எந்த மாதம் திரும்பச் சேரப்போகிறீர்கள். டாக்டர் சர்டிபிகேட்டை இணையுங்கள். கல்லூரி முத்திரையும் தேதியும் போட்ட ஒரு ஜெராக்ஸை வாங்கி, தாய்-சேய் நல அட்டையோடு பின் பண்ணி வைத்துவிடுங்கள். அந்த அட்டையை வீட்டில் யாரும் தொலைக்கமாட்டார்கள்.